பட்டனின் நடுவில் ஏன் சாம்பல்? கேன்வாஸில் கிரேடியன்ட் வரைதல்

200 பிக்சல் அகலத்தில் ஒரு பட்டன், இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள், இடையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறும் கிரேடியன்ட். கேன்வாஸில், அதாவது வலைப்பக்கத்தில் நிரல் எழுதிப் படம் வரையும் பரப்பில், இது நாலைந்து வரி வேலைதான். கிரியேட்லீனியர்கிரேடியன்ட்டுக்கு 0, 0, 200, 0 என்று நான்கு எண்கள்: முதல் இரண்டு தொடக்கப் புள்ளி, அடுத்த இரண்டு முடிவுப் புள்ளி. ஆட்கலர்ஸ்டாப்பில் தொடக்கமான 0-க்கு நீலம், முடிவான 1-க்கு மஞ்சள். அதை ஃபில்ஸ்டைலில் வைத்து ஃபில்ரெக்ட். பட்டன் இடது ஓரத்தில் இருக்கும்வரை எல்லாம் சரி. 500-ஆவது பிக்சலுக்கு நகர்த்தியதும் முழுப் பட்டனும் ஒரே மஞ்சள்!

அந்த நான்கு எண்களும் கேன்வாஸின் மூலையிலிருந்து அளக்கப்படுபவை. பட்டனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கிரேடியன்ட் 200-லேயே முடிந்துவிட, அதற்கப்பால் கடைசி நிறம்தான் நீளும். 500, 0, 700, 0 என்று மாற்றலாம். அதைவிட நல்ல வழி, எண்களை அப்படியே விட்டு, வரையும் முன் டிரான்ஸ்லேட் செய்வது, அதாவது அளவெடுக்கும் மூலையையே நகர்த்துவது. வரையும் நேரத்தில் எந்த உருமாற்றம் நடப்பில் இருக்கிறதோ, கிரேடியன்ட்டும் அதோடு நகரும். ஒரே அளவுள்ள பத்துப் பட்டன்களுக்கு ஒரே கிரேடியன்ட் போதும். அகலம் தெரியவரும் முன்பே அழைத்து, இரு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டால் எதுவுமே வரையப்படாது, பிழைச் செய்தியும் வராது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

இனி நடுப்பகுதி. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எழுதினால் நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. நடுவில் கிடைப்பது 128, 128, 128, அதாவது சுத்தச் சாம்பல். சிவப்பிலிருந்து பச்சைக்குப் போனால் 128, 128, 0 என்ற அழுக்குப் பச்சை. எஸ்ஆர்ஜிபி எனப்படும் இந்த வழக்கமான நிற எண்கள் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இல்லை. 128 என்பது 255-இன் ஒளியில் ஏறக்குறைய 22 சதவீதம்தான். ஒளியளவில் சராசரி எடுத்தால் 188 வரும், சிவப்பு–பச்சை தெளிந்துவிடும். நீலம்–மஞ்சளுக்கு அது உதவாது, வெளிறிய சாம்பல்தான் மிஞ்சும். அங்கே நிறவட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும். வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் 'இன் ஓகேஎல்சிஹெச்' என்று சேர்த்தாலே பச்சை வழியாகப் போய்விடும். பியோர்ன் ஓட்டோசன் 2020-இல் வெளியிட்ட ஓகேலேப் நிற முறையிலிருந்து வந்தது அது. கேன்வாஸின் கிரேடியன்ட்டுக்கு அந்த வசதி இல்லாததால் நாமே கணக்கிட்டு எட்டுப் பத்து ஸ்டாப்புகள், அதாவது இடைநிறங்கள், வைக்க வேண்டும். ஒரே ஒரு பட்டனுக்கு இவ்வளவு வேண்டாம், 0.5-இல் 0, 170, 150 போல ஒரு பச்சையைச் செருகினாலே அழகாக வரும்.

வெள்ளையிலிருந்து மறைந்துபோகும் ஓரம் வேண்டுமென்றால் 'டிரான்ஸ்பரன்ட்' என்று எழுதாதீர்கள். அது ஒளிபுகும் கறுப்பு. கேன்வாஸ் நிறத்தையும் ஆல்ஃபாவையும் (ஒளிபுகாமையின் அளவு) தனித்தனியே கலப்பதால் நடுவில் புகை படிந்தாற்போல் தெரியும். சிஎஸ்எஸ் நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கிவிட்டுத்தான் கலக்கிறது, அங்கே இந்தக் கறை வராது. வடிவமைப்பாளர் காட்டியதும் நாம் வரைந்ததும் வேறுபடுவது பெரும்பாலும் இங்கேதான். 255, 255, 255, 0 என்று கொடுத்தால் தீர்ந்தது.

இருண்ட பின்னணியில்தான் பட்டைகள் தொல்லை தரும். 1000 பிக்சலில் நிற எண் 20-லிருந்து 40 வரை போனால் இருப்பதே 21 அளவுகள். ஒவ்வொன்றும் சுமார் 50 பிக்சல் பட்டையாகக் கண்ணில் படும். ஸ்டாப்புகளைக் கூட்டிப் பயனில்லை, இடையில் வேறு எண்ணே கிடையாது. ஒவ்வொரு பிக்சலின் மதிப்பையும் தசமத்தில் கணக்கிட்டு, −0.5-க்கும் +0.5-க்கும் இடையில் ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டி, பிக்சல் மதிப்புகளை வரிசையாக வைத்திருக்கும் அரேயான இமேஜ்டேட்டாவில் எழுதுங்கள். அந்த அரே தானே முழு எண்ணாக்கிக்கொள்ளும். நீங்களாக ஃப்ளோர் போட்டுத் தசமத்தை வெட்டினால் அரைப் படி இருண்டுவிடும். ஏற்கெனவே வரைந்த கிரேடியன்ட்டைப் படித்து அதன்மேல் கூட்டுவதில் பலனில்லை, தசமம் அதற்குள் தொலைந்திருக்கும்.

இதைத் தனிக் கேன்வாஸில் ஒருமுறை செய்து வைத்து, டிராஇமேஜால் ஒட்டுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிதாகச் செய்தால் திரை மினுமினுக்கும். டிவைஸ்பிக்சல்ரேஷியோ 2 உள்ள திரையில் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்தில் இரண்டு திரைப் பிக்சல்கள்) 2000 பிக்சலாகவே செய்யுங்கள்; 1000-ஐ நீட்டினால் புள்ளிகள் பெரிதாகித் தெரியும். பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும்போது அளவு நன்றாகவே கூடும். ஒழுங்கற்ற புள்ளிகள் சுருங்காது.