சி.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கம்

2017ஆம் ஆண்டு அக்கா சிகிச்சைக்காக வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, என் மகளின் பழைய சி.ஆர். கொப்பி (பெரிய பயிற்சிக் குறிப்பேடு) ஒன்றை எடுத்து அதன் வெற்றுப் பக்கங்களில் செலவுகளை எழுதத் தொடங்கினேன். அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பதால் எதையும் எழுதி வைப்பது எனக்குப் பழகிப் போன காரியம். மார்பகப் புற்றுநோய்க்கு மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எனச் சிகிச்சை ஒன்பது மாதங்கள் நீண்டது. அவற்றுக்காக எங்களிடம் ஒரு சதமும் அறவிடப்படவில்லை. அரச வைத்தியசாலைகளின் இலவசச் சிகிச்சை இந்த நாட்டு மக்களுக்குக் கிடைத்த பெரும் பேறு என்பதை அந்த மாதங்களில்தான் முழுமையாக உணர்ந்தேன். ஆயினும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தபோது தொகை 384,000 ரூபாவாக இருந்தது.

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் 25 தடவைகள் மகரகமவுக்குப் போய்வர வேண்டியிருந்தது. நுகேகொடைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு பயணிக்கும் நிலையில் அக்கா இல்லாததால் ஒவ்வொரு நாளும் ஓட்டோதான். அதோடு வெளியில் செய்த ஸ்கான்களும் இரத்தப் பரிசோதனைகளும், வாய் முழுவதும் புண்ணாகிச் சோறு இறங்காத வாரங்களில் வாங்கிய பால்மாவும் இளநீரும், அத்தானின் பஸ் கட்டணமும் கணக்கில் இருந்தன. அத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து நின்ற நாட்களில் இழந்த வருமானத்தை எழுத அந்தக் கொப்பியில் இடமே இருக்கவில்லை. அக்காவின் காப்புச் சோடி இரண்டு தடவைகள் அடகு வைக்கப்பட்டு மீட்கப்பட்டது.

என் அலுவலகம் தந்திருந்த மருத்துவக் காப்புறுதியை அப்போதுதான் கவனமாகப் பார்த்தேன். வைத்தியசாலையில் தங்கிய நாட்களுக்குரிய பில்களைக் காட்டினால் ஓர் எல்லைக்குள் பணம் தருவார்கள். வேலையை விட்டால் அந்தக் காப்புறுதியும் போய்விடும். அக்காவின் கொப்பியில் இருந்த செலவுகளில் பெரும்பகுதிக்கு அப்படிப்பட்ட பில்லே கிடையாது. ஓட்டோக்காரர் பில் தருவதில்லை. சம்பளமில்லா விடுமுறைக்கும் பில் இல்லை. ஆகவே எனக்கு வேண்டியது பில் கேட்காமல், நோய் உறுதியானவுடன் ஒரே தொகையாகக் கையில் வரும் பணம் என்று முடிவு செய்தேன். இங்கே அது பெரும்பாலும் தனியாக விற்கப்படுவதில்லை. ஆயுள் காப்புறுதியோடு பாரதூரமான நோய்களுக்கான மேலதிகப் பாதுகாப்பாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது.

ஒரு முகவரை அழைப்பதற்கு முன்பு அந்தக் கொப்பியை மீண்டும் எடுத்து, 384,000 ரூபாவோடு என் ஆறு மாதச் சம்பளத்தையும், மகளின் படிப்புச் செலவில் ஒரு வருடத்தையும், வீட்டுக் கடன் தவணைகள் ஆறையும் கூட்டினேன். ஏறக்குறைய 15 இலட்சம் வந்தது. பிறர் சொல்லும் தொகையை எடுப்பதைவிட, அவரவர் வீட்டுச் செலவை அவரவரே கூட்டிப் பார்த்து எடுப்பதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

2019 மார்ச்சில் முகவர் ஒருவர் வீட்டிற்கு வந்து, சாப்பாட்டு மேசையில் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும் முன்மொழிவுப் படிவத்தை விரித்து, நான் சொல்லச் சொல்லத் தானே நிரப்பினார். மரியாதையான, சுறுசுறுப்பான பிள்ளை. பெற்றோருக்கோ சகோதரர்களுக்கோ புற்றுநோய், இருதய நோய் முதலியன இருந்தனவா என்ற கேள்வி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அக்காவைப் பற்றி நான் சொல்லி முடித்த பிறகும் அவருடைய பேனா 'இல்லை' என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்தது. படிவத்தைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "மிஸ், அதை எழுதினா ஃபைல் இழுபடும், மெடிக்கல் எல்லாம் கேப்பாங்க" என்றார். படிவத்தின் இறுதியில் 'மேற்கூறிய யாவும் உண்மை' என்று கையொப்பமிடப் போகிறவள் நான். அவர் போட்ட அந்தச் சரி அடையாளம் நாளை என்னுடைய பொய்யாகத்தான் நிற்கும். புதிய படிவம் ஒன்று கேட்டு, இரண்டு நாட்கள் எடுத்து, என் கையெழுத்திலேயே நிரப்பினேன். 'அக்கா, மார்பகப் புற்றுநோய், 46 வயதில், சிகிச்சை முடிந்து நலமாக இருக்கிறார்' என்று எழுதி, பிரதி ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

முகவர் சொன்னபடியே கோப்பு இழுபட்டது. மமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். அக்காவின் பயொப்சி, அதாவது இழையப் பரிசோதனை, அறிக்கையின் பிரதியைக் கேட்டார்கள். மாதம் 5,200 ரூபா என்று முதலில் சொன்ன கட்டணம் 5,900 ஆகியது. அந்த 700 ரூபாவை நான் மனவருத்தமின்றிக் கட்டினேன்.

அந்த இடைவெளியில் ஒப்பந்த நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி வாசித்தேன். விளம்பரத் துண்டில் 'புற்றுநோய்' என்று ஒரு சொல்லாக இருந்தது, நிபந்தனைகளில் அரைப் பக்க வரைவிலக்கணமாக இருந்தது. சுற்றியுள்ள இழையத்தை ஊடுருவிய புற்றுநோய்க்கு மட்டுமே பணம். தோன்றிய இடத்திலேயே அடங்கியிருக்கும், பூச்சிய நிலை என்று சொல்லப்படும் புற்றுநோய்க்கு இல்லை. மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்க்கும், மிக ஆரம்ப நிலையில் கண்டறியப்படும் புரஸ்டேட் புற்றுநோய்க்கும் இல்லை. ஒப்பந்தம் தொடங்கி 90 நாட்களுக்குள் நோய் தெரிந்தால் இல்லை. முன்பே இருந்த நோய்க்கு இல்லை. நோய் உறுதியான நாளிலிருந்து 30 நாட்கள் காப்புறுதிதாரர் உயிருடன் இருக்க வேண்டும் என்ற வரியை வாசித்தபோது அந்தத் தாள்களை மூடிவிட்டுச் சிறிது நேரம் பல்கனியில் போய் நின்றேன். கணவர் அந்தப் பக்கத்தை வாசிக்கவே மறுத்துவிட்டார்.

நான் அதிக நேரம் செலவிட்டது வேறோர் இடத்தில். சில ஒப்பந்தங்களில் நோய்க்குத் தரும் பணம் ஆயுள் காப்புறுதித் தொகையிலிருந்து முன்கூட்டியே எடுத்துத் தரப்படுவது. அதாவது நோய்க்கு 15 இலட்சம் வாங்கிவிட்டால் மரணத்தின் பின் குடும்பத்திற்குக் கிடைப்பதில் 15 இலட்சம் குறையும். வேறு சிலவற்றில் அது உண்மையாகவே மேலதிகத் தொகை. ஆயுள் காப்புறுதியில் கை வைக்காது. இரண்டுக்கும் கட்டணம் வேறு. முகவரின் விளக்கத்தில் இந்த வேறுபாடு வரவேயில்லை. நான் எழுத்தில் கேட்ட பிறகுதான் எழுத்தில் பதில் வந்தது. மேலதிகத் தொகையாக வருவதையே தெரிவு செய்தேன்.

2023 ஜூன் மாதம் குளிக்கும்போது இடப்பக்கத்தில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. அக்காவோடு நடந்த வழியிலேயே நானும் நடந்தேன்: மமோகிராம், ஸ்கான், பயொப்சி. அறிக்கையைப் பிரித்தபோது என் கண்கள் முதலில் தேடியது 'ஊடுருவும்' என்ற சொல்லை. அது இருந்தது. உயிருக்கு ஆபத்தைக் கூட்டும் அந்தச் சொல்தான் பணத்திற்கு வழி திறக்கும் சொல்லும் என்பதை அந்த நொடியிலேயே நான் அறிந்திருந்தேன். அந்த அறிதலின் கனத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அந்த வாரத்திலேயே நிறுவனத்திற்கு எழுத்தில் அறிவித்தேன். கோரிக்கைப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, பயொப்சி அறிக்கை, வைத்திய நிபுணர் நிரப்பித் தர வேண்டிய படிவம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்தியசாலை தரும் நோய்விபர அட்டையான டயக்னோசிஸ் கார்ட் ஆகியவற்றைக் கொடுத்தோம். வைத்தியரிடம் கொடுத்த படிவம் கிளினிக் கொப்பிக்குள் இரண்டு வாரங்கள் கிடந்தது; நோயாளிகள் நிரம்பி வழியும் இடத்தில் அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. எதைக் கொடுத்தாலும் பிரதி எடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியுடன் முத்திரை வாங்கிய கணவரின் பிடிவாதம் பிறகு உதவியது, ஏனெனில் பயொப்சி அறிக்கை கிடைக்கவில்லை என்று ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

இரண்டாவது கடிதம் கடினமானது. கட்டியை முதலில் எப்போது உணர்ந்தேன், கடந்த ஐந்து ஆண்டுகளில் எந்தெந்த வைத்தியர்களைப் பார்த்தேன், குடும்பத்தில் யாருக்கு இந்நோய் இருந்தது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கீமோவின் முதல் சுற்று முடிந்து தலை நிமிர்த்த முடியாத நாட்கள் அவை. 2019இன் படிவப் பிரதியை எடுத்துக்கொண்டு கணவர் காப்புறுதி நிறுவனத்தின் அலுவலகத்திற்குப் போனார். மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்த அக்காவைப் பற்றிய வரியை அதிகாரி விரலால் தொட்டு வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு குடும்ப நோய் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று வந்து சொன்னார். மறுத்திருந்தால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போவதற்கும் ஆயத்தமாக இருந்தோம், தேவைப்படவில்லை. அறிவித்ததிலிருந்து ஒன்பதாவது வாரத்தில் பணம் கணக்கிற்கு வந்தது.

அந்தப் பணம் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் வீட்டில் பேச்சுக் குறைந்த இரவுகளை மாற்றியது. வீட்டுக் கடனுக்கு ஆறு மாதத் தவணையை ஒதுக்கினோம். பகலில் என்னோடு இருந்து உதவ ஒரு பணிப்பெண்ணை வைத்துக்கொண்டோம். சம்பளமில்லாத நான்கு மாதங்களை அது தாங்கியது. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து சிகிச்சைக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கும் வழியும் எனக்கு இருந்தது. முதுமைக்கான அந்தப் பணத்தைத் தொடாமல் விட முடிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

குறைகள் என்னுடையவை இரண்டு உண்டு. நோய் வந்தால் மீதிக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்யும் இன்னொரு மேலதிகப் பாதுகாப்பைச் சிறு தொகைக்காக வேண்டாம் என்று விட்டேன். ஆகவே படுக்கையில் இருந்தபடியே மாதாந்தக் கட்டணம் கட்டினேன். இன்னொன்று அதைவிடப் பெரியது. 2019இல் கணக்கிட்ட 15 இலட்சத்தை அப்படியே விட்டுவிட்டேன். 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியிருந்தது. மருந்தும் ஓட்டோவும் பால்மாவும் இரட்டிப்பாகிக்கொண்டிருந்தபோது என் ஒப்பந்தத்தில் எழுதியிருந்த தொகை மட்டும் அசையவில்லை. கொப்பியை ஒவ்வொரு ஆண்டும் திறந்து புதிதாகக் கூட்டி, உடல் நலமாக இருந்த காலத்திலேயே தொகையை உயர்த்தியிருக்க வேண்டும். இனி எனக்கு எந்த நிறுவனமும் அதைத் தராது.

அக்கா நலமாக இருக்கிறார். இப்போது தெல்லிப்பழையில் கிளினிக்குக்குப் போகிறார். 2011இல் நாட்டின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியால் எழுந்த வைத்தியசாலை அது. அவர் கொழும்புக்கு வர வேண்டிய தேவை குறைந்துவிட்டது.

கடந்த மாதம் மகளுக்கு வேலை உறுதியானதும் அவளே தனக்கொரு முன்மொழிவுப் படிவம் வாங்கி வந்தாள். அதே மேசையில் உட்கார்ந்து, குடும்ப நோய் பற்றிய கேள்வியில் 'அம்மா, மார்பகப் புற்றுநோய், 47 வயதில்' என்று எழுதினாள். அடுத்த வரியில் பெரியம்மாவை எழுதத் தொடங்கியபோது கட்டத்தில் இடம் போதவில்லை. "இன்னொரு தாள் இணைக்கலாமா அம்மா?" என்று கேட்டாள். சி.ஆர். கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.