சார்செலில் எங்கள் பெண்களும் வாக்குச்சீட்டும்

புதுச்சேரியிலிருந்து திருமணமாகிப் பாரீசுக்கு வடக்கே உள்ள சார்செலில் குடியேறும் பெண்களுக்கு, வீடு தேடுவதிலும் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையிலும் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பதிலும் முதல் சில ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த பிறகும் வாக்களிப்பது வீட்டு ஆண்களின் வேலை என்றே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் ஊரில் நாங்கள் அப்படி இருந்ததில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரியில் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். முத்தியால்பேட்டையில் என் அம்மா விடியற்காலையிலேயே சமையலை முடித்துவிட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களோடு பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நிற்பார்.

பிரான்சில் ஆண்கள் எல்லோருக்கும் 1848இல் வாக்குரிமை வந்தது. பெண்களுக்கோ 1944 ஏப்ரல் 21ஆம் நாள் ஆணையால்தான் கிடைத்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கீழவை பெண்களின் வாக்குரிமையைப் பலமுறை ஏற்றும், மேலவையான செனட் அதைத் தடுத்துக்கொண்டே இருந்தது. கடலூர் அடங்கிய சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதி உடைய பெண்களுக்கு மட்டுமே என்றாலும், 1921இலேயே அந்த உரிமை வந்துவிட்டது.

பிரெஞ்சுக் குடியுரிமை பெறுவோரின் பெயர் 2019 முதல் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறுகிறது. ஆனால் வேறு ஊருக்கு வீடு மாறினால், தேர்தலுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நாமே பதிய வேண்டும். இங்கே விரலில் மை இல்லை. அடையாள அட்டையைக் காட்டி, உறையையும் வெவ்வேறு வேட்பாளர்களின் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரைக்குள் போய், ஒன்றை மட்டும் உறையிலிட வேண்டும். சீட்டில் எதையாவது எழுதினால் அது செல்லாது. உறை பெட்டியில் விழுந்ததும் "ஆ வோத்தே" (வாக்களித்துவிட்டார்) என்று உரக்கச் சொல்வார்கள், பிறகு நாம் பதிவேட்டில் கையெழுத்திடுவோம். மொழி தெரியாதே என்று தயங்கும் பெண்களோடு, தபாலில் வரும் வேட்பாளர் அறிக்கைகளை என் சமையலறை மேசையில் பரப்பி வைத்துத் தமிழில் பேசுகிறோம். "உன் வாக்கையும் நானே போட்டுவிடுகிறேன், பதிலி எழுதிக்கொடு" என்று சொல்லும் கணவர்களிடம், பதிலி எழுதித் தருவதா வேண்டாமா என்பதை அவளேதான் முடிவு செய்ய வேண்டும் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

குடியுரிமை இன்னும் கிடைக்காத இந்தியப் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில்கூட வாக்கில்லை. ஆனால் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் பள்ளிப் பெற்றோர் பிரதிநிதித் தேர்தலில் எந்த நாட்டுத் தாயும் வாக்களிக்கலாம், போட்டியிடவும் செய்யலாம். எங்கள் குடியிருப்புத் தோழி ஒருவர் அப்படித் தேர்வாகி, பள்ளி மன்றக் கூட்டத்தில் மதிய உணவைப் பற்றித் தடுமாறும் பிரெஞ்சில் கேள்வி கேட்டார். தலைமையாசிரியர் அதைக் குறித்துக்கொண்டு பதில் சொன்னார்.