வலது பக்கம்

ஜனவரி 6, செவ்வாய்

விடியற்காலை நாலரைக்கு அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பத்து நிமிஷம் விடாமல் இருமினார். அடங்கிய பிறகும் மூச்சு வாங்கியது. "வலது பக்கம் குத்துது தாயி" என்றார். இருமி இருமிச் சதை பிடித்திருக்கும் என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு 76 வயது. தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 1989-இல் டிபி வந்து, மாத்திரை சாப்பிட்டு ஆறியது. பீடியை விட்டுப் பத்து வருஷம்தான் ஆகிறது. மார்கழி பிறந்தால் இழுப்பும் கூடவே பிறந்துவிடும். அதனால் வீட்டில் யாரும் பதறவில்லை.

காலையில் வழக்கமாகப் போகும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நல்ல கூட்டம். "வழக்கமான இழுப்புதான் டாக்டர்" என்றேன். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மூன்று நாளுக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். மத்தியானம் அப்பா இரண்டு வாய் ரசம் சாதம்தான் சாப்பிட்டார்.

ஜனவரி 7, புதன்

ராத்திரி ஒரு மணிக்கு அம்மா எழுப்பினாள். அப்பா கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தையை முழுதாகச் சொல்ல முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் 78. 108-க்குப் போன் செய்தேன்.

பெரியாஸ்பத்திரி கேஷுவால்டியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண். ஸ்டெதஸ்கோப்பை இடது பக்கம் வைத்தார், வலது பக்கம் வைத்தார், மறுபடி இடது. பிறகு விரலால் மார்பைத் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் சாதாரணமாகத்தான் கேட்டது. வலது பக்கம் வெறுங்குடத்தைத் தட்டின மாதிரி 'டொம்' என்றது. அது எனக்கே கேட்டது. தொண்டைக்குழியில் விரல் வைத்து, மூச்சுக்குழாய் இடது பக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னார். பிரஷர் 80.

"எக்ஸ்ரேவுக்கு அனுப்ப நேரமில்லக்கா" என்றார் என்னிடம். காறை எலும்புக்குக் கீழே விலாவை விரலால் எண்ணி, டிரிப்ஸ் போடுகிற ஊசியிலேயே பெரியதாக ஒன்றை நேராக இறக்கினார். சைக்கிள் வால்வைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம் வந்தது. இரண்டு மூன்று நிமிஷத்தில் அப்பாவின் கண் என்னைத் தேடியது. பிரஷர் 110-க்கு ஏறியது. "தண்ணி" என்றார்.

அது முதலுதவிதானாம். அடுத்துத் திரைக்குள்ளே கொண்டுபோய், அக்குளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலைக் கீறி, விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகித் தையல் போட்டார்கள். என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். மறுமுனை தரையில் இருந்த பாட்டிலுக்குள், தண்ணீரில் முங்கிக் கிடந்தது. குபுகுபுவென்று குமிழி.

விடிந்த பிறகு டாக்டர் விளக்கினார். பழைய டிபியாலும் பீடியாலும் நுரையீரலின் மேல்பக்கம் கொப்புளம் கொப்புளமாக மெலிந்துபோயிருக்கிறது. இருமியதில் ஒன்று உடைந்துவிட்டது. இழுக்கிற மூச்சு அந்த ஓட்டை வழியே வெளியேறி, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே தேங்கியிருக்கிறது. காற்று சேரச் சேர நுரையீரல் சுருங்கும். அப்பாவுக்கு அது இதயத்தையே தள்ளி, ரத்தம் திரும்பி வரும் வழியையும் நெருக்க ஆரம்பித்துவிட்டது. நியூமோதோராக்ஸ் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. வாலிபப் பையன்களுக்கும் இது வருமாம், ஆனால் அவர்களுக்கு இன்னொரு நல்ல நுரையீரல் இருக்கிறது, தாங்குவார்கள். "தாத்தாவுக்குக் கையிருப்பே கொஞ்சம்தான்."

ஜனவரி 8, வியாழன்

நாள் முழுக்க பாட்டிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு விடும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் ஏறி இறங்குகிறது. அது ஆடினால் குழாய் அடைக்கவில்லை என்று அர்த்தம். குமிழி வந்தால் ஓட்டை இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். உள்ளே இருக்கிற காற்று தண்ணீர் வழியே வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே திரும்பப் போக முடியாது. இவ்வளவுதான் சூட்சுமம். ஜெர்மனியில் பியூலாவ் என்ற டாக்டர் மார்பிலிருந்து சீழ் வடிக்க இதே ஏற்பாட்டைப் பயன்படுத்தி, 1891-இல் அதைப் பற்றி எழுதினாராம். இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலையில் சிஸ்டரிடம் திட்டு வாங்கினேன். ஆக்ஸிமீட்டரில் 90 காட்டியது, ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டினேன். "அதத் தொடாதீங்க. இவருக்கு 88-ல இருந்து 92 போதும்" என்றார். பல வருஷ இழுப்புக்காரர்களுக்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய்விடுமாம். நாமோ 100 வந்தால்தான் நிம்மதி என்று இருக்கிறோம்.

ஜனவரி 10, சனி

இன்று ஸ்கேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் தள்ளிக்கொண்டு போகிறவர் பாட்டிலை எடுத்து அப்பாவின் வயிற்றின் மேல் வைத்தார். அதோடு நிற்கவில்லை, குழாயைக் கிளிப் போட்டு அடைக்கவும் போனார். வார்டு கோடியிலிருந்து சிஸ்டர் ஓடிவந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! பாட்டில் மார்பை விட உயரமாக இருந்தால் அந்தத் தண்ணீர் உள்ளே போய்விடும். குமிழி வந்துகொண்டிருக்கிற குழாயை அடைத்தால் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் மறுபடி கேஷுவால்டி ராத்திரிதான். ஸ்கேன் அறை வரைக்கும் நானே பாட்டிலைத் தூக்குவாளி மாதிரி முட்டிக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் அப்பாவின் கழுத்தும் வலது மார்பும் உப்பியிருந்தன. தொட்டால் தோலுக்கடியில் கல் உப்பை நசுக்குகிற மாதிரி நறநறக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. காற்று தோலுக்கடியில் கசிந்திருக்கிறது, குழாய் சரியாக வேலை செய்தால் தானாக வடிந்துவிடும் என்றார்கள். குழாயைச் சரிபார்த்து, உறிஞ்சும் மெஷினோடு இணைத்தார்கள்.

ஜனவரி 12, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் வந்தாகிவிட்டது. வந்ததும் இரண்டு கேள்வி. பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்திருக்கிற மாஸ்க் மெஷினை அப்பாவுக்கு ஏன் வைக்கவில்லை? ஆபரேஷன் ஏன் செய்யவில்லை?

நெஞ்சக டாக்டர் பொறுமைசாலி. அந்த மெஷின் காற்றை அழுத்தித் தள்ளுகிறது, ஓட்டையான டியூபுக்குப் பம்ப் அடிக்கிற கதை என்றார். ஆபரேஷன் செய்தால் நிரந்தரமாக அடைக்கலாம். ஆனால் மயக்கம் கொடுத்து, ஒரு பக்க நுரையீரலை நிறுத்திவைத்து, இன்னொன்றை நம்பிச் செய்ய வேண்டும். அந்த இன்னொன்றையும் ஸ்கேனில் காட்டினார். கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. அண்ணன் அப்புறம் ஒன்றும் பேசவில்லை, டீ வாங்கிவரப் போய்விட்டான்.

ஜனவரி 13, செவ்வாய்

ஆறு நாளாகியும் குமிழி நிற்கவில்லை. இன்று ஒரு விநோதமான வைத்தியம். அப்பாவின் கையிலிருந்தே 60 மில்லி ரத்தம் எடுத்தார்கள். அது உறைவதற்குள் மார்புக் குழாய் வழியாகவே உள்ளே செலுத்தினார்கள். உள்ளே போய் உறைந்து, ஓட்டையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். ரத்தம் திரும்பி வந்துவிடாமலிருக்க, குழாயின் நடுப்பகுதியை ஸ்டாண்டில் உயரமாக வளைத்துப் போட்டார்கள். பாட்டில் மட்டும் தரையிலேயே இருந்தது. அப்பாவை வலம் இடமாகப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலை எனக்கு. இந்த முறையில் கிருமி தொற்றும் அபாயம் இருக்கிறது, காய்ச்சல் வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள்.

"என் ரத்தத்தையே எடுத்து எனக்கே குடுக்கானுவ. செலவில்ல" என்றார் அப்பா. ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் நீள வசனம் இதுதான்.

ஜனவரி 15, வியாழன்

நேற்று போகிப் புகைக்கு வார்டு ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டார்கள். இன்று பொங்கல். அம்மா வீட்டில் பேருக்கு ஒரு பானை ஏற்றிவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள்.

காலை ஐந்தரையிலிருந்து குமிழி இல்லை. தண்ணீர் மட்டும் ஆடுகிறது. இருமச் சொன்னேன். இல்லை. சிஸ்டரைக் கூப்பிட்டேன், அவரும் இருமச் சொன்னார். இல்லை. அம்மாவும் ஒரு தடவை இருமச் சொன்னாள். "பால் பொங்குச்சான்னு பாக்குற மாதிரி எல்லாரும் என்னத்தப் பாக்கிய" என்று அப்பா எரிச்சல்பட்டார்.

ஜனவரி 17, சனி

எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்து விலாவோடு ஒட்டியிருக்கிறது. மூச்சை அடக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் குழாயை எடுத்து, ஏற்கெனவே போட்டிருந்த தையலை இறுக்கிக் கட்டினார்கள். எண்ணி ஐந்து நொடி. இன்னொரு எக்ஸ்ரே நாளை. மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சி டப்பா கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு பந்துதான் எழும்புகிறது. திரும்ப எக்ஸ்ரே பார்த்துச் சம்மதம் சொல்லும்வரை விமானம் ஏறக் கூடாது என்று சீட்டில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அப்பா மதுரையைத் தாண்டியதில்லை.

ஜனவரி 24, சனி

வீட்டுக்கு வந்து ஆறு நாள். இரண்டு பந்து எழும்புகிறது.

இன்று அந்தக் கிளினிக்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். முதல் நாளே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது என்று வழியெல்லாம் வசனம் யோசித்துக்கொண்டே போனேன். டாக்டர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்து ஒத்துப்பார்த்திருக்க வேண்டும், அன்றைக்கு அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று அவரே சொன்னார். பிறகு கேட்டார்: "ஒரு பக்கமா வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாராம்மா?"

"சொன்னார் டாக்டர். வலது பக்கம்னு. எங்கிட்ட."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.