ஓட்டோ ஒன்றைக் கட்டைகளால் செய்து பழகுங்கள்: கணினி மொடலும் கட்டும் கையேடும்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கையில் சில மாதங்கள் இருக்கும். அந்த நேரத்தில் என்ன பழகலாம் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கணினியில் லெகோ கட்டைகளால் ஒரு மொடல் வடிவமையுங்கள். வேறொருவர் அதைப் பார்த்துத் தன் கையால் கட்டக்கூடிய மாதிரிப் படம் படமாக ஒரு கையேடும் செய்யுங்கள். மொடலோடு நிறுத்திவிடாதீர்கள். திரையில் அழகாக நிற்கும் மொடலில் என்ன குறை என்பது கையேடு செய்ய உட்காரும்போதுதான் தெரியவரும். அதனால் கையேட்டை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்து வேலை செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் இதைப் பழகியது வெள்ளவத்தையில், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்த காலத்தில். இதற்கென்று வகுப்பு எதற்கும் போகவில்லை. வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. லண்டனில் இருக்கும் மாமா வந்தபோது கொண்டுவந்து தந்த கலப்புக் கட்டைப் பெட்டியும் இருந்தது. அசல் லெகோவின் விலை கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. கணினியில் அந்தக் கவலை இல்லை, எந்தக் கட்டையும் எந்த நிறமும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் பழகும் காலத்தில் அந்தத் தாராளம் ஆளைத் திசைதிருப்பிவிடும். கையில் இருக்கும் கட்டைகளை வகை பிரித்து எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். முதல் மொடலை அந்தப் பட்டியலுக்குள் நின்றே செய்யுங்கள். கட்டை குறைவாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். தலையில் நான்கு குமிழ் கொண்ட வரிசை இரண்டு உள்ள சாதாரணக் கட்டைகள் ஆறு, எல்லாம் ஒரே நிறம் என்றாலும், அவற்றை 915,103,765 விதமாக இணைக்கலாம் என்று கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணித்துக் காட்டியிருக்கிறார்.

மென்பொருளைத் திறக்கும் முன் சில அளவுகள் தலையில் ஏற வேண்டும். கட்டையின் தலையில் இருக்கும் குமிழ்தான் ஸ்டட். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து அடுத்த ஸ்டட்டின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர். கட்டையின் உயரம், ஸ்டட்டைச் சேர்க்காமல், 9.6 மில்லிமீற்றர். பிளேட் என்ற மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மில்லிமீற்றர். அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை. இந்த இணைப்பு முறைக்கு டென்மார்க்கில் காப்புரிமை கோரப்பட்டது 1958 ஜனவரி 28 அன்று. அந்தக் காலக் கட்டையும் இன்று வாங்கும் கட்டையும் இன்னமும் ஒன்றோடொன்று பொருந்தும்.

எதைச் செய்வது? முதல் மொடலுக்குத் தாமரைக் கோபுரம் வேண்டாம். எல்லோருக்கும் அதுதான் ஆசை, ஆனால் வளைவுகள் அதிகம். காலி வீதியில் நின்றால் நிமிடத்துக்கு நான்கு கடந்துபோகும் ஓட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அளவு எடுக்கலாம், தெரியாத இடத்தை ஓட்டுகிற அண்ணனிடமே கேட்கலாம்.

ஓட்டோ ஏறத்தாழ 2.6 மீற்றர் நீளம், 1.3 மீற்றர் அகலம், 1.7 மீற்றர் உயரம். மொடலின் அகலத்தை ஆறு ஸ்டட் என்று வைத்தால் அது 48 மில்லிமீற்றர். 1300ஐ 48ஆல் வகுத்தால் சுமார் 27. அதுதான் உங்கள் அளவுத்திட்டம். நீளம் 2600ஐ 27ஆல் வகுத்தால் 96 மில்லிமீற்றர், சரியாகப் பன்னிரண்டு ஸ்டட். உயரம் 63 மில்லிமீற்றர் வரும். இருபது பிளேட் அடுக்கினால் 64. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டுத் தொடங்கினால் "ஏதோ ஒன்று சரியில்லை" என்று மொடலைத் திரும்பத் திரும்பக் கலைக்கும் வேலை பெருமளவு குறையும். முன்பக்கம், பக்கவாடு, மேற்பக்கம் என்று மூன்று தோற்றமும் சதுரக்கோட்டுத் தாளில் வரையுங்கள். ஒரு பொருளின் தோற்றங்களைத் தனித்தனியாக வரையும் முதற்கோண எறியம் படித்தவர்களுக்கு இது பழகிய வேலை.

ஓட்டோவைத் தெரிவு செய்யச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் முன்சக்கரம் ஒன்றே ஒன்று, நட்டநடுவில் இருக்கிறது. ஆறு ஸ்டட் அகலத்தின் நடு எங்கே விழுகிறது? மூன்றாவது ஸ்டட்டுக்கும் நான்காவதுக்கும் இடையில். அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டட் தடிப்புள்ள சக்கரத்தை நடுவில் வைக்க வேண்டுமானால் அரை ஸ்டட் நகர்த்த வேண்டும். அதற்கென்றே ஜம்பர் என்ற பிளேட் இருக்கிறது. இரண்டு ஸ்டட் நீளமான பிளேட்டின் நடுவில் ஒரேயொரு ஸ்டட். இல்லாவிட்டால் முழு வண்டியையும் ஏழு ஸ்டட் அகலத்துக்கு மாற்றலாம், ஆனால் அப்போது மேலே போட்ட கணக்கு எல்லாம் மாறும். நான் ஜம்பர் பக்கம்தான். இரண்டையும் ஒருமுறை செய்து பார்த்து நீங்களே முடிவெடுங்கள்; வடிவமைப்பு என்பது இப்படி ஒவ்வொரு இடத்திலும் எதை விட்டு எதை எடுப்பது என்று தீர்மானிப்பதுதான்.

முன்விளக்குக்கு வேறொரு யுக்தி. பக்கவாட்டிலும் ஒரு ஸ்டட் உள்ள சிறிய கட்டையை முகப்பில் வைத்து, அதில் ஒளிபுகும் வட்ட டைல் (தலையில் ஸ்டட் இல்லாத வழுவழுப்பான மெல்லிய கட்டை) ஒன்றைப் பொருத்தினால் விளக்கு தயார். இதையே பெரிதாக்கி, வண்டியின் பக்கப் பலகை முழுவதையும் சாய்த்துப் பொருத்தலாம். அப்போது கைகொடுப்பது இன்னொரு சமன்பாடு: ஐந்து பிளேட் உயரம் 16 மில்லிமீற்றர், இரண்டு ஸ்டட் அகலமும் 16 மில்லிமீற்றர். நிமிர்ந்த கட்டையும் படுத்த கட்டையும் இடைவெளி இல்லாமல் சந்திக்கும் இடம் அதுவே.

மென்பொருளைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பிரிக்லிங்க் இணையத்தளத்தின் ஸ்டூடியோ என்ற வடிவமைப்பு மென்பொருள் இலவசம். விண்டோஸிலும் மக்கிலும் ஓடும். கையேடு செய்யும் பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. கணினி பழையது என்றால் லியோகேட் எடுங்கள், பாரம் குறைவு, லினக்ஸிலும் வேலை செய்யும். அதில் செய்த மொடலை எல்பப் த்ரீ டி என்ற மென்பொருளில் திறந்து கையேட்டுப் பக்கங்களாக்கலாம். லெகோ நிறுவனம் முன்பு தந்த டிஜிட்டல் டிசைனரை இப்போது தேடிப் போக வேண்டாம், அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் எல்ட்ரோ என்ற கோப்பு முறையைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளுங்கள். ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற அவுஸ்திரேலியர் 1995இல் அதை உருவாக்கினார். 1997இல் அவர் இறந்துவிட்டார். அதன் பிறகு உலகம் முழுவதும் உள்ள ஆர்வலர்கள், கூலி எதுவும் வாங்காமல், கட்டை கட்டையாக அளந்து வரைந்து அந்த நூலகத்தை வளர்த்து வருகிறார்கள். நாம் இன்று இலவசமாகச் சொடுக்கி எடுக்கும் கட்டைகளில் ஏராளமானவை அப்படி வந்தவை. எனக்கு அவர்கள்மீது மிகுந்த மரியாதை உண்டு.

எல்ட்ரோவில் ஓர் அலகு 0.4 மில்லிமீற்றர். ஸ்டட் இடைவெளி 20 அலகு, கட்டை உயரம் 24, பிளேட் 8. மொடல் கோப்பைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்தால் இப்படி வரிகள் தெரியும்:

1 4 0 -24 0 1 0 0 0 1 0 0 0 1 3001.dat

முதலாவது 1, இந்த வரி ஒரு பாகம் என்கிறது. 4 சிவப்பு. அடுத்த மூன்றும் அது இருக்கும் இடம். இந்த முறையில் மேல்நோக்கிப் போவது மறை எண், ஆகவே -24 என்றால் ஒரு கட்டை உயரம் மேலே. அதற்கடுத்த ஒன்பதும் கட்டை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. பதினோராம் வகுப்பில் தாயங்கள் படித்தவர்கள் அந்த ஒன்பதையும் மூன்று நிரையாக எழுதிப் பாருங்கள், அலகுத் தாயம் வரும். அதாவது கட்டை திரும்பவே இல்லை. வரியின் முடிவில் இருப்பது பாகத்தின் கோப்புப் பெயர். இரண்டுக்கு நான்கு கட்டைக்கு அது 3001.dat. வகுப்பில் மனப்பாடமாக்கிய ஒன்று கண்முன்னே கட்டையாகத் திரும்புவதைப் பார்ப்பது தனிச் சந்தோஷம்.

இனிக் கையேடு. நேரத்தின் பெரும்பகுதியை இங்கே செலவழியுங்கள்.

திரையில் புவியீர்ப்பு இல்லை, கையும் இல்லை. கட்டையை நடு ஆகாயத்தில் விட்டாலும் நிற்கும். மூடிய கூரைக்குள்ளும் இருக்கையைச் செருகலாம். கட்டுபவருக்கு அது முடியாது. எனவே ஒவ்வொரு படியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கட்டை ஏற்கெனவே இருக்கும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறதா? விரல் அங்கே போகுமா? ஓட்டோவில் பின்னிருக்கை, மேற்கூரையான ஹூட்டுக்கும் அதன் தூண்களுக்கும் முன்பே வந்துவிட வேண்டும். நீங்கள் வடிவமைத்த ஒழுங்கு வேறாக இருந்திருக்கலாம்; கையேட்டின் ஒழுங்கு கட்டுபவருக்குரியது.

சக்கரத்தை எப்போது பூட்டுவது என்பதும் யோசிக்க வேண்டிய விடயம். ஆரம்பத்திலேயே பூட்டினால் மேலே கட்டையை அழுத்தும்போதெல்லாம் வண்டி உருண்டு ஓடும். கடைசியில் பூட்டினால், ஹூட் போட்ட வண்டியைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், மெல்லிய தூண்கள் கழன்றுவிடும். உடல் முடிந்த பின், ஹூட்டுக்கு முன் பூட்டுவதே சரி. அந்தப் படியில் மட்டும் திருப்பும் அம்புக்குறி போடுங்கள். மற்றப் படிகளில் பார்வைக் கோணத்தை மாற்றவே வேண்டாம். கோணம் மாறினால் கட்டுபவர் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று முதலில் இருந்து தேடுவார்.

தனியாகக் கையில் வைத்துக் கட்டக்கூடிய பகுதிகளைத் தனி உப மொடலாகப் பிரியுங்கள். ஹான்டிலும் முன்சக்கரமும் ஒன்று, பின்னிருக்கை ஒன்று, ஹூட் ஒன்று. இந்தப் பிரிப்பைக் கடைசியில் செய்ய முயன்றால் பெரும் பாடு. வடிவமைக்கும்போதே செய்தால் கையேட்டில் பாதி வேலை முடிந்தது மாதிரி. ஒரு படியில் நான்கு கட்டைகளுக்கு மேல் வைக்காதீர்கள். அந்தப் படிக்கு வேண்டிய கட்டைகளின் படம் பக்கத்தின் மூலையில் வர வேண்டும், கடைசிப் பக்கத்தில் முழுப் பட்டியல்.

நிறத்தைப் பற்றி ஒன்று. ஓட்டோவின் ஹூட் கறுப்பு. கறுப்புக் கட்டைமீது கறுப்புக் கட்டை வைத்தால் படத்தில் எது புதிது என்று தெரியாது. வெளியே தெரியாத உட்பகுதிகளுக்கு மஞ்சள், நீலம் என்று கண்ணில் அடிக்கும் நிறம் கொடுங்கள். லெகோவின் சொந்தப் பெட்டிகளிலும் உள்ளே மறையும் கட்டைகள் பல இப்படித்தான் நிறம் மாறி வரும். கட்டுபவர் இடம் பிடிக்க அது உதவும். ஒரு கட்டை நீங்கள் கொடுத்த நிறத்தில் உண்மையில் வெளிவந்திருக்கிறதா என்பதையும் ஸ்டூடியோவில் சரிபாருங்கள். திரையில் எல்லா நிறமும் வரும், கடையில் வராது.

கையேடு முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்துக் கொமியுனிகேஷனில் முதலில் கறுப்பு வெள்ளையில் அச்செடுங்கள். செலவு குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சிவப்பும் கடும் பச்சையும் சாம்பலாக மாறிய பிறகும் படி புரிகிறது என்றால் உங்கள் படம் தெளிவு. பிறகு கட்டைகளையும் தாள்களையும் ஒரு சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் சித்தியின் மகனிடம் நான் கொடுத்தேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்தேனே தவிர வாய் திறக்கவில்லை. ஹூட்டுக்கு வந்ததும் அவன் கை நின்றது. "அண்ணா, இது எந்தப் பக்கம் பார்க்குது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்து அவனே கண்டுபிடித்துவிட்டான். அன்றிரவு அந்த ஒரு படியை இரண்டாகப் பிரித்தேன். பிள்ளையின் கை நிற்கும் இடம் எல்லாவற்றிலும் இதைச் செய்யுங்கள். விளக்கம் சொல்லிக் கொடுத்துவிட்டால் கையேட்டில் எங்கே இடறுகிறது என்று தெரியாமலே போய்விடும்.

இது பரீட்சைக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரு பொருளின் மூன்று பக்கமும் ஒரே படத்தில் தெரிய வரையும் சமவளவு எறியத்துக்கான கையும் பொருளைத் திருப்பிப் பார்க்கும் கண்ணும் இதனால் கூர்மையாகும் என்பதை என் அனுபவத்தில் சொல்வேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, வடிவமைப்புப் பட்டங்களுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு; அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் இந்தப் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். புள்ளிக்காக மட்டும் செய்ய வேண்டாம், சலித்துவிடும்.

ஓட்டோவுக்குப் பிறகு என்ன என்றால், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908, 1909இல் கட்டிய சிவப்புப் பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியான சுவர்கள், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் மினாராக்கள். காலையில் கூட்டம் சேர முன் போனால் எதிர்ப்பக்கம் நின்று நிதானமாக வரையலாம். முழுக் கட்டடத்தையும் எடுக்காமல் ஒரு மினாராவை மட்டும் உப மொடலாகச் செய்யுங்கள். வரி ஒன்றுக்கு ஒரு கட்டையா இரண்டு பிளேட்டா என்பதை முதலில் தீர்மானியுங்கள். மொத்த உயரமும் அதிலிருந்துதான் வரும்.