கத்திரி இலையில் ஒரே ஒரு செல்

2024 மே 5

அக்னி நட்சத்திரம் தொடங்கியாச்சு. காட்பாடியில் பதினோரு மணிக்கே தொட்டிச் செடிகள் தலை தொங்கிவிடுகின்றன. கத்திரி இலையில் ஒரே ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் குத்திச் சாறு எடுத்து, அதில் உப்பு எவ்வளவு என்று அளப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. இனி அந்த ஊசி வேலையெல்லாம் விடிகாலையில்தான், அதுவும் முந்தின ராத்திரி நன்றாகத் தண்ணீர் குடித்த செடியில். சாற்றை நாங்கள் உறிஞ்சி எடுப்பதில்லை, செல்லுக்குள் இருக்கிற அழுத்தமே அதை ஊசிக்குள் தள்ளுகிறது. தெம்பாக நிற்கிற செடியில் அந்த அழுத்தம் ஸ்கூட்டர் டயரில் இருப்பதைவிட அதிகம். வாடின இலையில் குத்தினால் ஒன்றும் வராது.

மே 7

நாற்று கொடுத்த எலவம்பாடி பெரியவர் போன் செய்தார். "ஏம்மா, இலைய அரைச்சுப் பார்த்தா உப்பு எவ்ளோன்னு தெரியாதா?" தெரியும் ஐயா, ஆனால் அது மொத்தக் கணக்கு. தோல் பதப்படுத்தும் உப்பு இறங்கி, பாலாற்றுப் படுகையில் எத்தனையோ கிணறுகள் கரித்துப்போயின. அந்தத் தண்ணீரில் ஒரு செடி உப்பை மேல்தோல் செல்களில் ஒதுக்கிவிட்டு உள்ளே இருக்கிற பச்சைச் செல்களைக் காப்பாற்றலாம், இன்னொன்று எல்லா இடத்திலும் பரவவிட்டுக் கருகலாம், அரைத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே எண் வரக்கூடும். பார்லி இலையில் கால்சியம் மேல்தோலிலும் பாஸ்பேட் உள் செல்களிலும் பிரிந்து கிடப்பதை 1990களிலேயே இப்படிச் செல் செல்லாகக் குத்தித்தான் கண்டுபிடித்தார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம வேலூர் முள்ளுக் கத்திரிக்கும் யாராவது இதைச் செய்துதானே ஆகணும்.

மே 8

கத்திரி இலை முழுக்க நட்சத்திர வடிவ முடி. மைக்ரோஸ்கோப்பில் ஒரு இடைவெளி தேடுவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி ஊசியின் முனை ஒரு மைக்ரோமீட்டர் அளவு, உள்ளே சிலிக்கான் எண்ணெய். செல்லுக்குள் நுழைந்ததும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சாறு ஏறுவது கண்ணுக்குத் தெரியும், அந்த நொடியே ஊசியை வெளியே இழுத்துவிட வேண்டும், தாமதித்தால் அழுத்தம் இறங்கின செல்லுக்குள் பக்கத்துச் செல்களின் தண்ணீர் புகுந்து சாற்றை நீர்க்கச் செய்துவிடும், அப்புறம் அளந்து என்ன பயன்? கிடைப்பது சில பத்து பிகோலிட்டர். ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி பிகோலிட்டர் அடங்கும். காற்று பட்டால் கண்ணெதிரே உலர்ந்துவிடும் என்பதால் துளியை நேராகப் பாரஃபின் எண்ணெய்க்கு அடியில் விடுகிறோம். குத்தின செல் பிழைக்காமல் போகலாம், இலை செடியிலேயே உயிரோடு இருக்கிறது, நாளைக்கு அதே இலையில் பக்கத்துச் செல்லைப் பார்க்கலாம். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மே 14

எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் இன்றுதான் கிடைத்தது. ஒவ்வொரு துளியோடும் தெரிந்த அளவு ருபீடியம் நைட்ரேட் கலந்து உலர்த்தியிருந்தோம், எலெக்ட்ரான் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்ரேயை விடும், திரையில் அது ஒரு உச்சியாகத் தெரியும். ருபீடியத்தின் உச்சியை வைத்துத்தான் மற்ற தனிமங்களைக் கணக்கிட முடியும். உப்புத் தண்ணீர் விட்ட செடியின் மேல்தோலில், உப்பில் இருக்கிற குளோரினின் உச்சி நன்றாக உயர்ந்திருந்தது. என்னோடு வேலை செய்கிற அண்ணாவும் நானும் திரையைவிட்டு நகரவே இல்லை.

மே 19

பச்சைச் செல்லை எட்டுவதுதான் பாக்கி. மேல்தோலைத் தாண்டி ஊசி ஆழமாகப் போக வேண்டும், வழியில் மேல்தோல் சாறு ஒட்டக்கூடாது. இலைத்துளை வழியாக இறக்கிப் பார்க்கலாம் என்கிறார் அண்ணா. சரி, புது ஊசிகள் இழுத்து வைத்தாச்சு.