மரம் இருக்கே, சார்

"சார், சவன்னாவுக்கு 'மரமற்ற புல்வெளி'ன்னு போட்டிருக்கீங்க. படத்துல மரம் இருக்கே?"

மெய்ப்புப் பார்க்கும் பெண் கேட்டது இவ்வளவுதான். புத்தகத்துக்கு நான் எழுதிய அருஞ்சொற்பொருள் பட்டியலைப் பற்றி. பக்கங்கள் மறுநாள் காலை அச்சுக்குப் போக வேண்டும். அவசரத்தில் சள்ளென்று விழுந்திருந்தால்கூட இப்போது மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். நான் விழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நிதானமாகப் பாடம் எடுத்தேன்.

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல் அது. ஸ்பானியர்கள் அதைக் காதில் வாங்கி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1535-லேயே ஒவியேதோ என்கிற ஸ்பானிய வரலாற்றாசிரியர், மரமில்லாமல் புல் மண்டிய நிலம் என்று அதற்குப் பொருள் எழுதிவிட்டார். "மூலத்துல மரமே கிடையாதும்மா" என்று முடித்தேன்.

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். குடை விரித்த மாதிரி ஒரு வேல மரம், பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி. "சரி சார்" என்று, ஓரத்தில் பென்சிலால் போட்டிருந்த கேள்விக்குறியை அழித்தார். புத்தகம் அப்படியே வந்தது.

நான் சொன்னதில் தப்பு கிடையாது. அதுதான் உறுத்துகிறது. சொல் பிறந்த கதை சரி. ஆனால் அருஞ்சொற்பொருள் பட்டியலைப் புரட்டும் பிள்ளைக்கு அந்தக் கதையா வேண்டும்? இன்றைக்குச் சவன்னா என்றால் புல்வெளியில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் நிலம். மரக்கிளைகள் ஒன்றோடொன்று கூடி வானத்தை மூடாததால் வெயில் தரைவரை இறங்குகிறது, புல் செழிக்கிறது. மரம் இருப்பதும் அதன் இலக்கணம்தான்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வேர்ச்சொல் பார்ப்பது வீண் வேலையில்லை. ஹங்கேரியில் புல்வெளியைப் புஸ்தா என்பார்கள். ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த சொல். வெறுமை, பாழ் என்று பொருள். துருக்கியர் ஆட்சிக்காலப் போர்களில் ஊர்கள் காலியாகிப்போன சமவெளி அது. 'புல்வெளி' என்று மட்டும் போட்டால் அந்தப் பாழ்பட்ட ஊர்கள் எங்கே போகும்? வட அமெரிக்கப் புல்வெளியான பிரெய்ரிக்கு அந்தச் சோகமெல்லாம் இல்லை, பிரெஞ்சுக்காரர்களுக்கு அது வெறும் மேய்ச்சல் நிலம். தென்னாப்பிரிக்கப் புல்வெளியான வெல்ட், டச்சு மொழியில் சும்மா வயல்வெளி. ஆக, பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் பிரேசிலின் சவன்னாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் செராடோ. போர்ச்சுகீசிய மொழியில் 'அடைபட்டது'. மரமும் புதரும் அவ்வளவு நெருக்கம். ஒருவர் திறந்த வெளி என்கிறார், இன்னொருவர் அடைபட்டது என்கிறார், நாம் இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்கிறோம். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஏன் வாயில் வரவில்லை என்று யோசித்தால், வந்திருந்தால் அந்தப் பெண் சொல்வது சரி என்று ஆகியிருக்கும்.

அன்றைக்கு வாசல் வரை போனவர் திரும்பி, "அப்போ நம்ம முல்லை மாதிரின்னு சொல்லலாமா சார்?" என்றும் கேட்டார். "முல்லைன்னா காடும்மா" என்றேன். காடும் காடு சார்ந்த இடமும்; மனப்பாடம். அப்புறம்தான் தோன்றியது, முல்லையில் இருப்பவர்கள் ஆயர்கள். புல் இல்லாமல் மாடு எதை மேயும்? மானாவாரி நிலத்தைக்கூடக் காடு என்கிற மொழி இது. மரமும் புல்லும் கலந்து கிடக்கிற இடத்துக்கு அந்தப் பெண் சொன்னதைவிட நெருக்கமான சொல் என்னிடம் இல்லை. இருந்தாலும் இன்று கேட்டாலும் பட்டியலில் முல்லை என்று போட விடமாட்டேன். படிக்கிறவர்களுக்குப் பூதான் ஞாபகம் வரும்.

மறுபதிப்பில் 'மரங்கள் சிதறி நிற்கும் புல்வெளி' என்று மாற்றினேன். அதற்குள் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் 'பாம்பாஸ் சமவெளி' என்று தட்டியிருந்தான். அது தென் அமெரிக்கப் புல்வெளி, அங்கத்திய பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் பாம்பா என்றாலே சமவெளிதான், கடைசி 'ஸ்' ஸ்பானியப் பன்மை, இது 'நடு சென்டர்' மாதிரி என்று ஆரம்பித்துவிட்டேன். கண்ணாடி வேறு கைக்கு வந்துவிட்டது. பாதியில் நிறுத்தி, "சரி, இருக்கட்டும்ப்பா, படிக்கிறவங்களுக்குப் புரியணும்ல" என்றேன்.

"இல்ல சார், நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்" என்று 'சமவெளி'யை அழித்தான். நான் தடுக்கவில்லை.