ஒருவழியா சிங்க் ஆயிடுச்சு: பாம் த்ரீ எக்ஸ்இயும் மஞ்சள் ஈட்ரெக்ஸும்

போன சனிக்கிழமை, 2025 மே 17, ஓரிகன்ல பீவர்கிரீக் பக்கத்துல ஃபெல்லோஸ் ரோட்டோரமா ஒரு கையில மஞ்சள் ஈட்ரெக்ஸ் (பழைய ஜிபிஎஸ் ரிசீவர்), இன்னொரு கையில பாம் த்ரீ எக்ஸ்இ (பழைய கையடக்கக் கணினி), வாயில பேனா மூடினு நின்னேன். போனை வேணும்னே கார்லயே வெச்சுட்டு வந்துட்டேன். எட்டு மாசமா "செய்யப் போறேன் செய்யப் போறேன்"னு வீட்ல எல்லார் காதுலயும் ஓதிட்டு இருந்த விஷயம் இது, ஜியோகேஷிங்ல, அதாவது யாரோ ஒளிச்சு வெச்ச டப்பாவை (கேஷ்) ஜிபிஎஸ் கோஆர்டினேட்டை வெச்சுத் தேடற விளையாட்டுல, 2002ல எப்படி கேஷ் தேடினாங்களோ அதே மாதிரி அதே சாமான்களை வெச்சு ஒரு நாள் முழுக்கத் தேடிப் பாக்கறது.

இந்தக் கூத்து ஆரம்பிச்சதே ஒரு கட்டுரையால. நம்ம பக்கத்து சின்னப் பத்திரிகை ஒண்ணுல இருந்து போன் பண்ணி நாப்பது நிமிஷம் பேசினாங்க, நானும் லாக் ஷீட்டு (கண்டுபிடிச்சவங்க கையெழுத்துப் போடற தாள்), டிஎன்எஃப் (தேடியும் கிடைக்காதது), டெரெய்ன் ரேட்டிங் (பாதை எவ்ளோ கஷ்டம்னு மார்க்)னு மூச்சு விடாம விளக்கினேன். வந்தது என்னன்னா "சாட்டிலைட் காட்டும் புதையல்!"னு தலைப்பு, கீழ தங்கக்காசு வழியற மரப்பெட்டி படம், உள்ள "கையடக்கக் கணினி இவரை நேராகப் புதையலிடம் அழைத்துச் செல்கிறது"னு ஒரு வரி. எங்கம்மா அதை ஊர்ல பாத்துட்டு வீடியோ கால்ல வந்து முதல் கேள்வியே "எவ்ளோடா கிடைச்சுது?" ஒரு உருகிப்போன கிரேயான், ஒரு ரப்பர் வாத்து, ஈரத்துல ஊறின நோட்டுன்னு சொன்னேன். "அமெரிக்கா போயி டப்பா பொறுக்கறியா நீ?"ன்னாங்க. பத்திரிகைக்காரங்களை விட அம்மா விஷயத்துக்குக் கிட்டக்க வந்துட்டாங்கன்னுதான் சொல்லணும்.

வெளியில இருந்து எழுதறவங்களுக்கு நாம ரெண்டே வகைதான், ஒண்ணு புதையல், இல்லைன்னா வெடிகுண்டு. 2011 ஜூலைல இங்கிலாந்துல வெதர்பின்னு ஒரு ஊர்ல பூத்தொட்டிகிட்ட ஒருத்தர் எதையோ வெச்சுட்டுப் போறதைப் பாத்து பயந்து, ராணுவ வெடிகுண்டு நிபுணருங்க வந்து அந்த பிளாஸ்டிக் டப்பாவை வெடிக்க வெச்சாங்களே, அது உலகம் முழுக்க செய்தி. நடுவுல இருக்கற ஆயிரக்கணக்கான சாதா ஞாயித்துக்கிழமைங்க யாருக்கும் செய்தி இல்ல.

ஆனா என்னை நிஜமா கடுப்பேத்தினது அந்தக் "கையடக்கக் கணினி" வரிதான். அந்தக் காலத்துக் கட்டுரைகள்லயும் இதே குழப்பம் உண்டு, ஜிபிஎஸ் ரிசீவரையே கையடக்கக் கணினின்னு எழுதிடுவாங்க. நிஜக் கையடக்கக் கணினி, அதாவது பாம், ஐபேக் மாதிரி சமாச்சாரம், யாரையும் எங்கயும் கூட்டிட்டுப் போகல. அதுக்குள்ள ஜிபிஎஸ்ஸே கிடையாதே! கேஷோட வெப் பக்கத்து விவரம், ஹிண்ட்டு, கடைசி அஞ்சு லாக்கு (முன்னாடி தேடினவங்க எழுதின குறிப்பு), இதைச் சுமந்துட்டு வர்றதுதான் அதோட வேலை, ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. அது இல்லாதவங்க ஒவ்வொரு கேஷுக்கும் ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டுத் தூக்கிட்டு அலைஞ்சாங்க. ரிசீவர்லயே எல்லாத்தையும் படிக்கலாம்னு ஆனது 2008ல கார்மின் கொலராடோ வந்தப்பறம்தான். சரி, எழுதிப் புலம்பறதை விட செஞ்சே பாப்போம்னு இறங்கினேன்.

பாம் த்ரீ எக்ஸ்இ ஒரு கராஜ் சேல்ல அஞ்சு டாலர். 2000ஆம் வருஷத்து மாடல், 8 எம்பி மெமரி, 160க்கு 160 ஸ்க்ரீன், ரெண்டு ட்ரிபிள் ஏ பேட்டரி. கிரேடில் (பாமைக் கம்ப்யூட்டரோட இணைக்கற ஸ்டாண்ட்) மட்டும் இல்ல, அதுக்கு நாலு வாரம் அலைஞ்சு கடைசில போர்ட்லாண்ட் ஃப்ரீ கீக்ல ஒரு பெட்டிக்கு அடியில கிடைச்சுது (பழைய கேபிள் வேணும்னா முதல்ல அங்க போங்க, அங்க இருக்கற பசங்ககிட்ட டிபி9னு (பழைய சீரியல் கனெக்டர்) சொன்னா முகம் மலரும்).

இப்ப அந்த சிங்க். மூணு ராத்திரி.

பாக்கெட் குவெரி (கேஷ் விவரத்தை மொத்தமா இறக்கறது) எடுக்கறது, அதுல வர்ற ஜிபிஎக்ஸ் ஃபைலை ஜிபிஎஸ்பேபல்ங்கற கன்வெர்ட்டர்ல போட்டு பாம்ல படிக்கற பாம்டாக் ஆக்கறது எல்லாம் பத்து நிமிஷ வேலை, பழைய வெர்ஷன் பேபல் போட்டுக்கிட்டேன், என்க்ரிப்ட்னு ஒரு ஆப்ஷனும் லாக்ஸ்னு ஒரு ஆப்ஷனும் குடுத்தா ஹிண்ட்டை ரோட்13லயே (எழுத்தைப் பதிமூணு தள்ளி மறைக்கறது) வெச்சு லாக்கையும் சேத்துத் தரும், பாம்ல இருக்கற சிஸ்பாட்ரன்னு ஒரு ரீடர்ல அழகா ஓபன் ஆகும். பிரச்சனை அந்த ஃபைலை பாமுக்குள்ள தள்றது. லேப்டாப்ல லினக்ஸ், பாமோட பேசற பைலட்லிங்க் சாஃப்ட்வேர் இருக்கு, பைலட்-எக்ஸ்ஃபர் கமாண்டைக் குடுத்துட்டு கிரேடில் பட்டனை அமுக்கணும். சீரியல்ல இந்த ஆர்டர் முக்கியம், முதல்ல கமாண்ட், அப்பறம் பட்டன். அமுக்கினேன். பாம் "கனெக்டிங்"னு சொல்லிச்சு, சொல்லிட்டே இருந்துச்சு, அப்பறம் அதுவே கைவிட்டுடுச்சு. திரும்ப. திரும்ப. முதல் ராத்திரி பழி யூஎஸ்பி டு சீரியல் அடாப்டர் மேல, ஆன்லைன்ல ஏழு டாலருக்கு வாங்கினது, உள்ள எந்த சிப்புன்னு வாங்கினவனுக்கும் தெரியாது வித்தவனுக்கும் தெரியாது. எஃப்டிடிஐ சிப் உள்ள ஒண்ணு வாங்கினேன், ரெண்டாவது ராத்திரியும் அதே கனெக்டிங். சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்ல என் பேர் இருக்கா, இருக்கு. போர்ட் சரியா, சரி. சிங்க் வேகத்தை (பைலட்ரேட்) 9600க்கு இறக்கினேன், அப்பவும் பத்து தடவைல ஒரு தடவை ஆரம்பிக்கும், பாதில செத்துப்போகும்.

மூணாவது ராத்திரி சும்மா ஒரு டெர்மினல் ப்ரோக்ராமை இன்னொரு சீரியல் போர்ட்ல வெச்சு ஒயரை க்ராஸ் பண்ணி, லேப்டாப்ல இருந்து என்னதான் வெளிய வருதுன்னு ஒட்டுக்கேட்டேன். நான் எதுவும் அனுப்பாதப்பவே ஏதோ வந்துச்சு. ஏ, டி. மறுபடி ஏ, டி. அட பாவி! அது மோடமுக்குப் பேசற பாஷை. பழைய லேப்டாப்ல பழைய லினக்ஸ், அதுல பின்னாடி ஓடற ஒரு சர்வீஸ் புதுசா எந்த சீரியல் போர்ட்டைப் பாத்தாலும் "நீ மோடமா, நீ மோடமா"ன்னு போய் விசாரிச்சிருக்கு, என் பாம் பாவம் சிங்க்குக்குக் கை நீட்டறப்பல்லாம் இவன் குறுக்க வந்து பேசியிருக்கான். சர்வீஸை நிறுத்தினேன், பட்டனை அமுக்கினேன், கிணிகிணின்னு அந்த ஹாட்சிங்க் சத்தம் வந்துச்சு பாருங்க, ராத்திரி பன்னெண்டரைக்கு நான் கத்தின கத்துல வீட்டம்மா எழுந்து வந்து "என்னங்க, வேலை கிடைச்சிடுச்சா?"ன்னாங்க. எனக்கு வேலை இருக்கு. அவங்க கேட்டது கிண்டல்.

9600ல அறுநூறு கேபி ஃபைல் ஏற பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கிரேடிலோட பின்னை பென்சில் ரப்பரால தேச்சு ஐசோப்ரொபைல்ல துடைச்சப்பறம் 57600ல ஓடுது, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடியுது. பின் கறுத்துப்போயிருந்தா இதைத்தான் முதல்ல செய்யணும், நான் கடைசில செஞ்சேன்.

பேட்டரி பத்தி ஒரு வார்த்தை. ரீசார்ஜபிள் போட்டா செல்லுக்கு 1.2 வோல்ட்தான், ஏத்தின உடனேயே பாம் "பேட்டரி லோ"ன்னு அழும். மெமோபேட்ல ஷார்ட்கட் கோடு போட்டு, ரெண்டு தடவை தட்டி புள்ளி வெச்சு, 7னு எழுதினா பேட்டரி வகையை மாத்திக்கும். 7 தான், கை தவறி 1 இல்ல 2 போட்டீங்கன்னா டீபக் (கோளாறு பாக்கற) மோடுக்குள்ள போய் சீரியல் போர்ட்டைத் தொறந்து வெச்சுட்டு பேட்டரியை உறிஞ்சிடும். பேட்டரி மாத்தறப்பவும் ஒரு நிமிஷத்துக்குள்ள மாத்தணும், இல்லைன்னா உள்ள இருக்கறது எல்லாம் ஆவி.

ஈட்ரெக்ஸ் பக்கம் பெரிய சண்டை இல்ல. அதுல வேபாயிண்ட் (குறிச்சு வெச்ச இடம்) பேரு ஆறு எழுத்துதான், இப்ப வர்ற ஜிசி கோட் (ஒவ்வொரு கேஷுக்கும் உள்ள அடையாளம்) எல்லாம் ஏழு எழுத்து, அதனால முன்னாடி இருக்கற ஜிசியை வெட்டிட்டு ஏத்தணும். தேதிதான் வேடிக்கை. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குப் போகும், 2019 ஏப்ரல்ல போச்சு, அதனால என் ஈட்ரெக்ஸ் மே 17ஐ 2005 அக்டோபர் 1னு காட்டுது. முழு வாரக்கணக்குல பின்னாடி போறதால கிழமை மட்டும் சனின்னு கரெக்டா இருக்கு. நான் 2002க்குப் போகணும்னு கிளம்பினேன், அது 2005 வரைக்கும்தான் டிக்கெட் குடுத்துச்சு.

சரி, ரோட்டுக்கு வருவோம். முதல் டார்கெட் நீங்க நினைச்சதுதான், ஒரிஜினல் ஸ்டாஷ் ட்ரிப்யூட் பிளாக் (முதல் கேஷ் இருந்த இடத்துல வெச்ச நினைவுப் பலகை), ஜிசிஜிவி0பி (ஆறே எழுத்து, வெட்டாம ஏறிச்சு!). வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. கிளின்டன் உத்தரவுல ஜிபிஎஸ்ல வேணும்னே போட்டிருந்த பிழையை 2000 மே 2ல எடுத்தாங்க, மறுநாளே இந்த விளையாட்டை ஆரம்பிச்ச டேவ் உல்மர் இங்க வந்து ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி புதைச்சு வெச்சுட்டு இன்டர்நெட் நியூஸ்குரூப்ல கோஆர்டினேட்டைப் போட்டார். உள்ள சாஃப்ட்வேர், வீடியோ, புக்கு, காசு, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். இன்னிக்கு அதே வாளியைப் போட்டா புது கேஷைப் பரிசோதிக்கற ரிவியூவர் ஒரே நாள்ல திருப்பி அனுப்புவார், புதைக்கக் கூடாது, சாப்பாடு வைக்கக் கூடாது. "புதையல்"னு எழுதறவங்களுக்கு நான் சொல்றது இதான், ஆதி கேஷ்லயே பீன்ஸ் டின்தான்யா இருந்துச்சு.

ஈட்ரெக்ஸ் பிளாக்ல இருந்து முப்பது அடியில நின்னு "வந்துட்டோம்"னுச்சு. பிளாக் கண்ணுக்கே தெரியற மாதிரி இருக்கு, அதனால பிரச்சனை இல்ல. நிஜப் பரீட்சை அதுக்கு அடுத்ததுல, கொஞ்சம் தள்ளி டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு நடுவுல ஒரு ரெகுலர் சைஸ் கேஷ் (எதுன்னு சொல்ல மாட்டேன்). மரத்தடியில போன உடனே சிக்னல் போச்சு, அம்புக்குறி பித்துப்பிடிச்ச மாதிரி சுத்துது, அக்யூரஸி அறுபது அடி, எண்பது அடின்னு ஏறுது. பாமைத் தொறந்து ஹிண்ட்டைப் பாத்தேன், ஓ என் எஃப் ஆர், பி எஸ், ஜி ஈ ஆர் ஆர். முழங்கால் மேல பேப்பரை வெச்சு பதிமூணு எழுத்து தள்ளித் தள்ளி எழுதிப் பாத்தா, "மரத்தோட அடியில". காட்டுக்குள்ள நிக்கறேன்யா, எந்த மரம்!

ஆனா அங்கதான் பாம் வேலைக்கு ஆச்சு. லாக்குகளைப் படிச்சுப் பாத்தா மூணாவது ஆள் "ட்ரெயில்ல இருந்து ஏற வேண்டாம், இறங்கணும்"னு எழுதியிருந்தார். இறங்கினேன். இருபது நிமிஷம் ஃபெர்ன் செடியை விலக்கி விலக்கி முழங்காலெல்லாம் சேறு, அப்பறம் ஒரு விழுந்த கட்டைக்கு முட்டுக்குடுத்த மாதிரி நாலு குச்சி இணையா கிடந்துச்சு. குச்சிங்க தானா இணையா விழாது, நம்ம ஆளுங்களுக்கு அது தெரியும். அம்மோ கேன் (ராணுவத் தோட்டா டப்பா)! சாட்டிலைட் கடைசி எண்பது அடிக்கு முன்னாடியே டாட்டா சொல்லிடுச்சு, கண்டுபிடிச்சது நாலு குச்சியும் யாரோ ஒருத்தர் எழுதின ஒரு வரியும்.

லாக் ஷீட்ல கையெழுத்துப் போடறப்போ மேல ரோட்ல ஒரு பிக்கப் நின்னு, ஒரு பெரியவர் எட்டிப் பாத்து ஏதாவது தொலைஞ்சுபோச்சான்னு கேட்டார். சொன்னேன். "ஓ, அந்தப் புதையல் சமாச்சாரமா"ன்னார். ஆமாங்கன்னுட்டேன். சேத்துல நின்னுட்டு யார் விளக்கறது.

அடுத்தது கார்மின் ஐக்யூ 3600, 2003ல வந்தது, பாம் ஓஎஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் ஒரே டப்பாவுல. உண்மையிலேயே ஒரு கையடக்கக் கணினி கேஷ் வரைக்கும் கூட்டிட்டுப் போகுதுன்னு சொல்லணும்னா அதைத்தான் சொல்லணும், அப்படின்னா அந்தப் பத்திரிகை சொன்னது பாதி சரின்னு ஆயிடுமேன்னு ஒரு உறுத்தல் வேற. ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன், பேட்டரி உப்பியிருக்கும் போல, விக்கறவர் போட்டோ அனுப்ப மாட்டேங்கறார்.

அதுக்கு முன்னாடி இது முடியல. அன்னிக்கு கிராஃபிட்டில (பாம்ல ஸ்டைலஸால எழுதற முறை) எழுதின ஃபீல்ட் நோட்ஸ் எல்லாம் இன்னும் பாமோட மெமோபேட்லதான் இருக்கு, எழுதினது ஒண்ணு, விழுந்தது ஒண்ணு, எனக்கே பாதி புரியல. வெளிய எடுக்கணும். நேத்து பட்டனை அமுக்கினேன், கனெக்டிங்னு நிக்குது. லேப்டாப் ரீஸ்டார்ட் ஆயிருக்கு, மோடம் விசாரணை மறுபடி ஆரம்பிச்சிருக்கும். இன்னிக்கு ராத்திரி பாக்கறேன். யார்கிட்டயாவது த்ரீ சீரீஸ் ஸ்டைலஸ் எக்ஸ்ட்ரா இருந்தா சொல்லுங்க, என்னுது அந்த ஃபெர்ன் செடிக்குள்ள எங்கயோ விழுந்துடுச்சு, அதுக்கு கோஆர்டினேட் கிடையாது.